கட்டற்ற கால்நடை மருத்துவமனை

மனிதகுல வரலாற்றிலேயே முழு விடுதலை பெற்ற முதல் கால்நடை மருத்துவமனை என் மனைவியுடையதுதான். அவள் டாக்டர். நான் 'நிர்வாகி'. அதாவது, முன்னறையில் உட்கார்ந்து ஃபோனை எடுப்பவன். நாய்களையும் பூனைகளையும் எதிரெதிர் மூலையில் உட்கார வைப்பவன். இப்படிப்பட்ட எளியவன் கையால் அந்த மாபெரும் விடுதலை நிகழ்ந்தது.

நிகழ்த்தி வைத்தவர் மூலவர், எங்கள் கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் தலைவர். எதைக் காட்டினாலும் "இதோட மூலநிரல் எங்க?" என்று, அதாவது சோர்ஸ் கோட் எங்கே என்று, கேட்பதால் வந்த பெயர். கேட்டுவிட்டுச் சிலைபோல நிற்பதும் ஒரு காரணம். நூலகத்தில் நடந்த கூட்டமொன்றில் அவர் பேசினார். நிரலை மூடி வைத்து விற்பவர்களின் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவன் தன் கணினியிலேயே குடக்கூலிக்கு இருப்பவன் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முழுக்கக் கட்டற்ற இயங்குதளம் ஒன்று உண்டு. அதை யாரும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மூடிய நிரல் ஒரு துளிகூட உள்ளே நுழையாது என்றும் சொன்னார்.

மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, மூலவர் முன்னிலையில் மருத்துவமனைக் கணினியை விடுவித்தோம். அதிலிருந்த பழைய, மூடிய இயங்குதளத்தைச் சுவடு தெரியாமல் அழித்தோம். என்னை 'நிறுவன உறுப்பினர்' ஆக்கிக் கைதட்டினார்கள்.

மறுநாள் ஒரு லாரி டிரைவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நிறைசினை. விடிந்ததிலிருந்து முக்குகிறது, குட்டி வரவில்லை. மனைவி ஸ்கேன் கருவியை அதன் வயிற்றில் வைத்தாள். படம் கணினித் திரையில்தான் வர வேண்டும். வந்தது ஓர் அறிவிப்பு. இக்கருவியை இயக்கும் நிரல் (டிரைவர்) கட்டற்றதல்ல, ஆகவே ஏற்கப்படவில்லை என்று மரியாதையாகவே எழுதியிருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

விடுதலையை விளக்கினேன். டிரைவர் இல்லை, அது ஒன்றுதான் குறை என்றேன்.

"நான் இங்கதானேங்க நிக்கிறேன்," என்றார் லாரிக்காரர்.

மூலவருக்குச் சொன்னதும் இரண்டு உறுப்பினர்களோடு உடனே வந்துவிட்டார். அந்த வகையில் எங்கள் சமூகத்தைக் குறை சொல்லவே முடியாது. முன்னறையில் அவசரக் கூட்டம் கூடியது. 'மென்பொருள் வேலை செய்யவில்லை' என்று நான் சொன்னதை முதலில் திருத்தினார்கள். மென்பொருள் மறுக்கிறது, மறுப்பது அதன் உரிமை. அடுத்து, கருவியைச் செய்த நிறுவனத்துக்குக் கண்டனம். அது 'கடும் கண்டனமா', 'வன்மையான கண்டனமா' என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. உள்ளே நாய் முனகியது. உறுப்பினர் அல்லாததால் அதன் கருத்து பதிவாகவில்லை.

பழையதையே திரும்பப் போட்டுவிடலாமா என்று மெல்லக் கேட்டேன்.

மூலவர் என் தோளில் கை வைத்தார். "நாய்க்கு இன்னிக்கு ஒரு நாள் கஷ்டம். நீங்க திரும்பிப் போனா காலத்துக்கும் அடிமை. டிரைவரை நாமளே எழுதிக்கலாம். எல்லாம் திறந்துதானே இருக்கு, யார் வேணா எழுதலாம்."

"யார் எழுதுவாங்க?"

"யார் வேணா."

மனைவி வெளியே வந்தாள். குட்டி எப்படிக் கிடக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்றாள். நாயைப் போர்வையில் சுற்றி லாரியின் முன்சீட்டில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். கூட்டம் கால்களை மடக்கி வழிவிட்டது.

அவள் போனது கடைவீதியில் இருக்கும் இன்னொரு கால்நடை டாக்டரிடம். படிக்கிற காலத்திலிருந்து அவரோடு அவளுக்கு முகம் கொடுத்துப் பேச்சில்லை. அவர் வாசலில் நின்று, உங்கள் ஸ்கேனைக் கொஞ்ச நேரம் தருவீர்களா என்று கேட்டாளாம். லாரிக்காரர்தான் இதைப் பிறகு என்னிடம் சொன்னார். அந்த மனிதர் மேசையைத் துடைத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாராம். தாயும் குட்டிகளும் பிழைத்தன.

சமூகத்தின் மாதக் கூட்டத்தில் மூலவர் அறிக்கை வாசித்தார். 'நம் நிறுவன உறுப்பினரின் மருத்துவமனையில் அன்று மூடிய மென்பொருளின் துணையோடு எந்தப் பிரசவமும் நடக்கவில்லை.' உண்மைதான். எந்தப் பிரசவமுமே நடக்கவில்லை.

அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மூலவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவர் மனைவி கணினியில் யாருக்கோ வரவுசெலவு போட்டுக்கொண்டிருந்தார். திரையில் இருந்தது சாட்சாத் நாங்கள் அழித்த அதே பழைய இயங்குதளம். நான் பார்ப்பதை மூலவர் பார்த்துவிட்டார்.

"அவங்க வேலையெல்லாம் அதுலதான் ஓடுது," என்றார் குரலைத் தாழ்த்தி. "மாத்தலாமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க."

"கேட்டீங்களா?"

"பின்ன? அவங்க மிஷினாச்சே."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். எங்கள் சமூகத்தை யாரும் தவறாக எண்ணிவிட வேண்டாம். எதையும் நிபந்தனையின்றி விடுவிப்போம். அது அடுத்தவருடையதாக இருந்தால் போதும்.