சேஃப்டி காரை முந்திய மகள்

கார் பந்தயம் பார்ப்பவர்களில் காரையே பார்க்காத ஒரு ரகம் உண்டு. யார் ஜெயித்தார் என்று அவரிடம் கேட்காதீர்கள், தெரியாது. யாருக்கு எத்தனை நொடி தண்டனை, அதை விதித்த நடுவர்களுக்குக் கண் எந்தப் பக்கம், விதிப்புத்தகத்தில் எந்த வரியை அவர்கள் வேண்டுமென்றே படிக்காமல் விட்டார்கள் என்று கேளுங்கள். டீ ஆறி, ஆடை படர்ந்து, நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்பதே உங்களுக்கு மறந்துபோகும்வரை சொல்வார். இந்த ரகத்துக்கு ஓட்டுநர் உரிமம் இருக்காது. அதுவும் நல்லதுக்குத்தான்.

நான் பார்த்துக்கொண்ட நோயாளி ஒருவர் இந்த ரகத்தின் முழு வளர்ச்சி. எடைமேடையில் லாரிகளின் எடையைக் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தெருவில் அவருக்கு 'அப்பீல்' என்று பெயர். சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. சைக்கிள் என்னவோ ஸ்டாண்டு போட்டுத்தான் நின்றிருந்தது. ஆனாலும் தவறு சைக்கிள்மேல்தான் என்று மயக்க மருந்து ஏறும்வரை மருத்துவரிடம் வாதாடியிருக்கிறார். அவரைத் திரும்ப நடக்கவைக்க என்னை வைத்தார்கள்.

பந்தயத்தில் அவருக்குப் பிடித்த ஓட்டுநர் அடுத்தவரை இடித்துத் தள்ளினால் வீரம். அடுத்தவர் இவருடைய ஓட்டுநரை உரசினால் கொலை முயற்சி. டிவியை அப்படியே நிறுத்தி, திரைமேல் அடிக்கோல் வைத்து, டயருக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் இடைவெளி அளந்து, பேனாவால் குறித்தும் வைப்பார். திரையில் பதினொரு கீறல். செய்தி வாசிக்கும் பெண்ணுக்கும் முகத்தில் தினமும் அதே பதினொன்று.

ஒருநாள் இரத்த அழுத்தம் நூற்று அறுபது என்றேன்.

"ஒத்துக்க முடியாது சிஸ்டர். நான் பேசிட்டிருக்கும்போது அளந்தீங்க."

"நீங்க பேசாத நேரம்னு ஒண்ணு இருக்கா?"

"அது தனி வழக்கு."

சேஃப்டி கார் தெரியுமல்லவா? பந்தயத் தடத்தில் விபத்து நடந்தால் ஒரு கார் மெதுவாக முன்னால் வரும். அது விலகும்வரை யாரும் யாரையும் முந்தக்கூடாது. விலகிய பிறகும் ஒரு கோட்டைத் தாண்டித்தான் முந்தலாம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வாக்கர் பிடித்து நடக்கிற மனிதருக்கு, ஒரே ஆள் போகிற அகலத்தில் நடைவழி உள்ள வீட்டில், இந்த விதி தெரிந்திருக்கக்கூடாது.

அன்றைக்கு அவர் மகளுக்குப் பத்து மணிக்கு வேலைக்கான நேர்முகம். இரண்டு வருடமாக அலைந்து கிடைத்த முதல் அழைப்பு. எட்டு நாற்பது பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு. எட்டரைக்கு அவள் ஃபைலும் கையுமாக நடைவழிக்கு வந்தாள். முன்னால் அப்பா.

"அப்பா, கொஞ்சம் ஒதுங்குங்க."

"முந்தக்கூடாது. சேஃப்டி கார் ஓடிட்டிருக்கு."

"எதுப்பா சேஃப்டி கார்?"

"நான்தான்."

"எப்பப்பா உள்ள போவீங்க?"

"இன்னும் மூணு சுத்து இருக்கு."

அவள் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை உள்ளே இழுத்து, வாக்கருக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே நுழைந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

"நில்லு! நிலைப்படிக்கு முன்னாடியே முந்திட்ட!"

அவள் அண்ணன் அறையிலிருந்து தலையை நீட்டினான். "இல்லப்பா, அவ கால் நிலைப்படியிலதான் இருந்துச்சு."

அம்மா கரண்டியோடு வந்தாள். "எந்தக் கால்?"

அத்தோடு வீடு முடிந்தது. இடதா வலதா, குதிகாலா விரலா, வாக்கரின் முன்கால் கணக்கா பின்கால் கணக்கா என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச, அடுப்பில் ஏதோ தீய, எட்டு முப்பத்தைந்து ஆகியிருக்க, அந்தப் பெண் என்ன செய்தாள் என்கிறீர்கள்? ஓடினாளா? திரும்பி வந்தாள்! கால் எங்கே இருந்தது என்று காட்ட வந்தாள். ஃபைலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, "இங்கதான் இருந்துச்சு, நல்லா பாத்துக்குங்க" என்று நிலைப்படியில் விரலால் கோடு கிழித்தாள். அண்ணன் கைப்பேசியில் படம் எடுத்தான். அப்பன் பெற்ற பிள்ளைகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான் ஃபைலை எடுத்து அவள் கையில் திணித்தேன். தோளைப் பிடித்துத் தெருப் பக்கம் திருப்பினேன்.

"பஸ்ஸுக்கு நாலு நிமிஷம் இருக்கு. ஓடு. தண்டனையைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."

"ஆனா சிஸ்டர், என் கால்..."

"அந்தக் கால்லதான் ஓடணும். போ."

ஓடினாள். விசாரணை அவள் இல்லாமலே நடந்தது. அவள் ஞாபகமே இல்லாமல் நடந்தது என்றும் சொல்லலாம். மத்தியானம் தீர்ப்பு வந்தது. அவள் திரும்பியதும் அப்பாவின் பின்னால் மூன்று சுற்று நடந்து, பறித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் வந்ததும் தப்பித்துவிடாமல் இருக்க அவரே வாசலுக்கும் கூடத்துக்கும் காவல் நடந்தார். பத்துச் சுற்றுக்கே மனுப் போடுகிற மனிதர் அன்று நாற்பது நடந்தார். எந்த மாத்திரையும் அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. இடுப்பு சரியாகிவிட்டது. மற்றதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

சிரிக்கிறீர்கள். நல்லது. அவள் கால் உண்மையில் நிலைப்படியில்தான் இருந்ததா என்று பார்க்க, நடுவில் ஒருமுறை மேலே போய்ப் படித்துவிட்டு வந்தீர்கள் இல்லையா? வாக்கரின் பின்கால்தான் கணக்கு என்று மனசுக்குள் ஒரு கட்சியும் சேர்ந்திருப்பீர்கள். சைக்கிளில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. நீங்கள்தான் கேட்கவில்லை.