கம்ப்யூட்டருக்குப் போர்த்திய சால்வை

புது மாப்பிள்ளையின் வாயில் 'எனக்குத் தெரியாது' என்பது மட்டும் வரவே வராது. எனக்கும் வரவில்லை. திருவரங்குளத்தில் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் கடை வைத்திருக்கும் என் மாமனார், "மாப்ளைக்கு கம்ப்யூட்டர் வேலைங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். (நான் பார்த்தது, ஆபீசில் யார் யார் லீவு என்று கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை.)

கல்யாணமான இரண்டாம் மாதம் விருந்துக்குப் போனவன், கடைக் கம்ப்யூட்டருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். அதிசயமாக ஏறியும் விட்டது. அந்த மிதப்பில் சி.பி.யூ.வுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாமனார் எனக்குப் போர்த்திய சால்வையை அதற்குப் போர்த்திவிட்டேன். மாமனாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் நகரவே இல்லை. மவுசை அசைத்தால், அம்பு டீ குடித்துவிட்டு வந்தது. மதியத்துக்குள் ஒரு காதணி விழா பேனரை முடித்துப் பிரிண்டுக்கு அனுப்ப வேண்டும், விடிந்தால் விழா. பிள்ளையின் தாய்மாமன், குளத்தூர் செல்லையா, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ரீஸ்டார்ட் செய்தேன். வைரஸ் தேடினேன். வேண்டாத புரோகிராம்களை நீக்கினேன் (வேண்டியதும் ஒன்றிரண்டு போயிருக்கும்). சி.பி.யூ. மாவு மில் போல இரைந்ததுதான் மிச்சம். கடைசியில், செல்லையாவின் போட்டோதான் இருப்பதிலேயே பெரிய ஃபைல் என்று கண்டுபிடித்து, அவர் கண்ணெதிரிலேயே அவரைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினேன்.

அவர் எழுந்துவிட்டார். "என்ன தம்பி, பங்காளிகள்லாம் ஆளுயரத்துக்கு நிக்கிறாங்க. தாய்மாமன் நான் மூலையில ஒட்டிக்கிட்டு கெடக்கணுமா? சீரு வராதுன்னு எங்க அக்காகிட்ட சொல்லிருங்க, நான் கெளம்புறேன்."

தாய்மாமன் இல்லாமல் பிள்ளையை யார் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது? மாமனார்தான் பதறி ஓடினார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்கண்ணே. மாப்ளைக்கு இதெல்லாம் தெரியாது." (நான் அத்தனை பாடுபட்டு அடக்கியதை அவரே சொல்லிவிட்டார்.) சொன்ன கையோடு, எதிரே கிடந்த சால்வையை உருவிச் செல்லையாவுக்குப் போர்த்தினார்.

செல்லையா அதைத் தடவிப் பார்த்தார்.

"என்னங்க, துணி இம்புட்டு சூடா இருக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காற்றுப் போகும் துளைகளையெல்லாம் மூடி, கம்ப்யூட்டரை நானே அவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கால் மணி நேரத்தில் இரைச்சல் அடங்கி, அம்பு ஓட ஆரம்பித்தது. வெட்கத்தில் செல்லையாவின் முகத்தைப் பார்க்காமலே, பங்காளிகளைவிட ஒரு சாண் உயரமாக அவரை நிறுத்தினேன். மறுநாள் சீர் மேளதாளத்தோடு வந்தது. முன்னால் அதே சால்வையோடு அவர்.

இப்போதும் மாமனார் வீட்டில் ஏதாவது கேட்டு, நான் பதில் சொல்லத் தாமதித்தால் யாரும் மறுபடி கேட்பதில்லை. என் மனைவி வந்து, என் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிட்டுப் போகிறாள்.

"செத்த நேரம் ஆறட்டும்," என்கிறார் மாமனார். "பேசிருவாரு."