எரிந்துபோன முதல் நாவல்

"எங்கம்மா எதையும் எரிக்கலைங்க. அந்தப் பக்கத்தைத் திருத்துங்க" என்றார் கணக்கு டீச்சர், போனில்.

"அடுத்த பதிப்புல பாக்கலாம்மா" என்று பதிப்பாளர் கொட்டாவி விட்டார்.

டீச்சரின் அப்பா பேர்போன எழுத்தாளர். அவரைப் பற்றி வந்த வாழ்க்கை வரலாற்றில், அவருடைய முதல் நாவலை மனைவி கோபத்தில் அடுப்பில் போட்டதாக எழுதியிருந்தது. அதிலிருந்து அம்மா கடைத்தெருப் பக்கமே போவதில்லை. காய்கறிக்காரர்கூட அவளை ஒரு மாதிரி பார்த்தாராம்.

"நாவல்னு ஒண்ணை நான் கண்ணால பாத்ததில்லடி" என்றாள் அம்மா.

"விடும்மா. இதையெல்லாம் யாரு படிக்கப்போறாங்க" என்றார் அப்பா, பேப்பரை மடித்தபடி.

டீச்சர் விடவில்லை. தினமும் போன் போட்டார். மறுபதிப்பில் திருத்தம் வந்தது: 'எரிக்கவில்லை. கிணற்றில் வீசினார்.'

அவர்கள் குடியிருந்ததெல்லாம் கிணறே இல்லாத மாடி வீடுகள். வீட்டு வரைபடத்தோடு டீச்சர் மறுப்பு அனுப்பினார். அதற்குப் பதிலாக, அதே பதிப்பகத்திலிருந்து இன்னொருவர் எழுதிய புதுப் புத்தகமே வந்துவிட்டது. அதில் அம்மா நாவலை எரித்ததோடு, தடுக்க வந்த கணவரின் கையையும் கடித்திருந்தாள்.

"கடிச்சிருக்கலாம்" என்றாள் அம்மா. "இப்பத் தோணுது."

டீச்சர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். அதன் பலனாக, அங்கிருந்தே மூன்றாவதாக ஒருவர் எழுதிய புத்தகம் வந்தது. அம்மா நிரபராதி என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. நாவலைக் கொளுத்தியது, அப்போது நான்கு வயதாயிருந்த மகள்.

மறுநாள் தலைமையாசிரியர் விடைத்தாள் கட்டுகளைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். ஒரு முன்னெச்சரிக்கைதான்."

டீச்சர் அரைநாள் லீவு போட்டுவிட்டு நேரே பதிப்பகத்துக்குப் போனார். பதிப்பாளர் வெளியூர். முன்னறையில் டைப் அடிக்கும் பெண் மட்டும் இருந்தாள். டீச்சர் தான் யாரென்று சொல்லி, மூன்று புத்தகங்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். அட்டைக்கு அட்டை வேறு வேறு ஆசிரியர் பெயர்.

"இதை எழுதின மூணு பேரையும் நான் நேர்ல பாக்கணும். பாக்காம இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

அந்தப் பெண் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு பேரும் இப்பதாம்மா கிளம்பினாரு. வேகமா நடந்தா பஸ் ஸ்டாப்ல உங்கப்பாவைப் பிடிச்சிடலாம்."