ஒரு டின் கௌபியும் உயர்மட்டக் குழுவும்

உலகத்தில் பெரிய காரியங்கள் எல்லாம் கூட்டம் போட்டுத்தான் நடந்திருக்கின்றன. ஒருவர் தனியாகச் செய்தால் அது வெறும் வேலை. இருபது பேர் கதிரையில் உட்கார்ந்து செய்தால் அது அபிவிருத்தி. குறிஞ்சாக்கேணி ரபீக்காவுக்கு இந்த உண்மை தெரியாமலே ஐம்பது வயதாகிவிட்டது, பாவம்.

களப்பின் உப்புத் தண்ணீர் தோட்டங்களுக்குள் ஏறிய வருடம் ஊரில் எல்லாருடைய கௌபிப் பயறும் கருகிற்று. அவளுடையதில் ஏழு செடிகள் மட்டும் தப்பின. அவற்றின் விதையை மூன்று போகம் தெரிந்தெடுத்து விதைத்து, ஒரு பெரிய பால்மா டின் நிறையச் சேர்த்திருந்தாள். இப்படிக் கூட்டமே இல்லாமல் நடந்துவிட்ட முறைகேட்டைச் சரிசெய்யத்தான் ‘விவசாயி-விஞ்ஞானி கூட்டு இனவிருத்தி உயர்மட்டக் குழு’ பிறந்தது.

“ஒரு மணியும் வீட்டில வைக்க வேண்டாம் அக்கா. எல்லாத்தையும் கொண்டு வாங்கோ. சேர்ந்துதான் தெரிவு செய்யவேணும்,” என்றார் இணைப்பாளர் தனஞ்சயன்.

டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனாள். துறைமுகம் தெரியும் மண்டபம். வாசலில் ஒரு பத்திரம் நீட்டினார்கள்: ‘விதைக்குப் பொறுப்பு: விவசாயி.’ கையெழுத்து வைத்தாள். டின்னைப் பணியாளர் மரியாதையோடு வாங்கிக்கொண்டார். அதிகாரிகளின் கூட்டத்துக்கு விவசாயிகள் வெறுங்கையோடு வருவதில்லை. மீனோ தயிரோ, கொண்டுவந்தது நேரே குசினி அடுப்படிக்குப் போய்விடும். நல்ல வழக்கம். அன்றும் அது வழுவவில்லை.

விஞ்ஞானிகள் இரண்டு மணித்தியாலம் விதையின் எதிர்காலம் பற்றிப் படம் காட்டினார்கள். பிறகு தேத்தண்ணி வந்தது. கூடவே, தேங்காய்ப்பூவும் கட்டச்சம்பலும் போட்டு அவித்த கௌபி.

“நல்ல மெதுமை. எந்த இனம்?” என்றார் கொழும்பிலிருந்து வந்த நிபுணர், இரண்டாம் தட்டை எடுத்தபடி.

ரபீக்கா தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். “சேர், என்ட டின் எங்க?”

தனஞ்சயன் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதினார்: ‘சுவைப் பரிசோதனை வெற்றி.’

“மழை வரப்போகுது சேர். நான் என்னத்த விதைக்கிற?”

“கவலைப்படாதேங்கோ அக்கா. குழு இருக்குதுதானே.”

குழு இருந்தது. அடுத்த கிழமையே கடிதம் வந்தது: ‘தங்கள் பொறுப்பிலிருந்த அரிய இனம் அழிந்தமை குறித்துக் குழு கவலையடைகிறது. விளக்கமளிக்கச் சமுகமளிக்கவும். சிற்றுண்டி வழங்கப்படும்.’

முதல் மழை வெறும் தோட்டத்தில் விழுந்துகொண்டிருந்தது. ரபீக்கா தனஞ்சயனுக்குப் போன் எடுத்தாள்.

“வாறன் சேர். உப்புத் தண்ணியே தின்னாம உட்டத நீங்க தின்டு முடிச்சிட்டீங்க. இந்த முறை அவிக்க என்னத்தக் கொண்டு வாற?”