பேக்எண்ட் மாப்பிள்ளை

"மாப்ள, உங்க வேலையப் பக்கத்துல உக்காந்து ஒருக்காப் பாக்கோணுமுங்க" என்றார் பாலுசாமி, மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே.

மிதுனுக்குக் காப்பி புரையேறியது. சமையலறையில் பிரவீனா கரண்டியைக் கீழே போட்டாள்.

பாலுசாமி மிதுனின் மாமனார். வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். கண்புரை ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூர் வந்தவர், வடவள்ளியில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். நேற்றுத்தான் இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் பெரிய பட்டியலே போட்டிருந்தார். மருமகனின் வேலையைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் அதில் இல்லை.

மாமனாரைப் பொறுத்தவரை மிதுன் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். கல்யாணத்தின்போது அது உண்மைதான். ஆறே மாதத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு, கல்லூரிக் காலத்திலிருந்து வாசித்துவந்த 'ஏழாம் கியர்' என்ற ராக் பேண்டில் முழுநேர பேஸ் கிடார்க்காரன் ஆகிவிட்டான்.

"அப்பாகிட்ட நானே நேரம் பாத்துச் சொல்றனுங்க" என்று அப்போது சொன்னாள் பிரவீனா. நான்கு வருடமாக நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பாடகனாகவோ முன்னால் நின்று துள்ளும் கிடார்க்காரனாகவோ இருந்திருந்தால் இத்தனை நாள் மறைத்திருக்க முடியாது. பேஸ் கிடார்க்காரனை மறைக்கத் தேவையே இருக்கவில்லை. மேடையில் மிதுன் நிற்கும் இடத்துக்கு வெளிச்சம் வருவதில்லை. பத்திரிகையில் பேண்டின் படம் வந்தபோது அவனுடைய முழங்கை மட்டும் வந்தது. ஒருமுறை அவன் வாசிக்க வேண்டிய கச்சேரிக்கே வாசலில் டிக்கெட் கேட்டார்கள். கச்சேரி முடிந்ததும் ரசிகர்கள் அவனிடம் ஓடி வருவதுண்டு. போனை அவன் கையில் கொடுத்து, பாடகனோடு தங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்வார்கள். பதினொரு வருடத்தில் எந்த மனிதனும் அவனிடம் வந்து, நீங்கள் வாசித்தது நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை.

"இன்னைக்கு ஊட்டுல இருந்தே வேலைங்க மாமா" என்றான் மிதுன்.

"அதுக்கென்னுங்க, இன்னும் சௌகரியமாப் போச்சு" என்று நாற்காலியைத் தூக்கப் போனவர், டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, காலாலேயே தள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள் வந்தார்.

உள்ளே மூலையில் பேஸுக்கான ஆம்ப்ளிஃபயர் கறுப்பாக நின்றது. கிடாரைப் பரணில் ஏற்றிவிட்ட பிரவீனா இதை மறந்திருந்தாள்.

"இது என்ன கண்ணு, பொட்டியாட்ட?"

"இன்வெர்ட்டருங்கப்பா."

பாலுசாமி அதன் தலையில் கையை வைத்து, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல இரண்டு தட்டுத் தட்டினார். மிதுன் அவசரமாக லேப்டாப்பைத் திறந்தான். முந்தின நாள் வாசித்துப் பழகிய பாட்டின் குறிப்பு அப்படியே திரையில் இருந்தது. பேஸின் நான்கு கம்பிகளுக்கு நான்கு கோடுகள், கோடு முழுக்க எண்கள்.

"இது என்னங்க மாப்ள?"

"கோடிங்குங்க மாமா."

பாலுசாமி நல்ல கண்ணைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார். "நாலே கோடுதானுங்களா?"

"என்ற வேலைக்கு நாலு போதுங்க. முன்னால இருக்கறவங்களுக்குத்தான் ஆறு. நான் பின்னால இருந்து சப்போர்ட்டுங்க. பேக்எண்டுனு சொல்லுவாங்க. வெளிய யாருக்கும் தெரியாதுங்க."

"தெரியாட்டிப் போகுதுங்க மாப்ள. பின்னால நீங்க புடிச்சு நிறுத்தலீன்னா முன்னால ஆடறவனெல்லாம் அந்தரத்துலயில்ல ஆடோணும்."

மிதுனின் விரல் அந்தரத்தில் நின்றது. பதினொரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. அது போய் இல்லாத வேலைக்குக் கிடைத்தது.

"உங்களோட எத்தன பேருங்க?"

"அஞ்சு பேருங்க."

பாலுசாமியின் முகம் விரிந்தது. "அஞ்சுதானுங்க. நாளைக்குச் சனிக்கெழமை. சாயங்காலம் வேலை இருக்குமுங்களே?"

மறுநாள் மாலை பீளமேட்டில் ஒரு கல்லூரியில் கச்சேரி இருந்தது. "ஆமாங்க மாமா, ரிலீஸ் இருக்குது" என்று சொல்லிவிட்டான்.

"கூட்டம் நெறைய வருமுங்களா?"

"ஆபீசுக்கு எதுக்குங்க மாமா கூட்டம்?"

"அதுவுஞ்செரி. நானும் வாரனுங்க. ஓரமா உக்காந்துக்கறன். ஒரு தொந்தரவும் பண்ணமாட்டன்."

மதியம் புருஷனும் பெண்டாட்டியும் மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் கூடிப் பேசினார்கள்.

"பேசாமச் சொல்லிப்போடலாமுங்க" என்றாள் பிரவீனா.

"ஆபரேஷன் பண்ணி ஒரு நாள்கூட ஆகல. அதிர்ச்சியில கண்ணுக்கு ஏதாச்சும் ஆனா? காலைலயே ஒரு ஆபீசக் காட்டிப்போட்டா சாயங்காலம் கேக்கமாட்டாரு."

"ஆபீசுக்கு எங்க போறது?"

"சசிதர் இருக்கானல்லோ."

சசிதர் அவனுடன் படித்தவன். சரவணம்பட்டியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர். சனிக்கிழமை அங்கே யாரும் வரமாட்டார்கள். அரை மணி நேரம்தான், எதையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு சசிதர் ஒத்துக்கொண்டான். தன் அடையாள அட்டையையும் கொடுத்தான். அதில் அவன் படம் இருந்ததால் மிதுன் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை காலை பாலுசாமி வெளுத்த வேட்டி சட்டையில், கறுப்புக் கண்ணாடியோடு, கல்யாணத்துக்குப் போவதுபோலக் கிளம்பினார். அவருடைய டிரைவர் சுப்பண்ணன் காரை ஓட்டினார். வழியெல்லாம் பாலுசாமி கால் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் தாளம் நின்றது. வரிசையாக மேஜைகள், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். பாலுசாமி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூலையிலிருந்த ஒரு கதவைக் காட்டினார்.

"அதுக்குள்ள என்னுங்க?"

"ஸ்டோர் ரூமுங்க மாமா."

"கொஞ்சம் தொறங்க."

சசிதர் திறந்து காட்டினான். உடைந்த நாற்காலிகளும் ஒரு துடைப்பமும் இருந்தன. பாலுசாமி துடைப்பத்துக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்க எடம் எதுங்க மாப்ள?"

மிதுன் சசிதரின் நாற்காலியில் உட்கார்ந்தான். மாமனார் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றதால் எதையாவது செய்தாக வேண்டியிருந்தது. எதையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையை மறந்து நான்கு பொத்தான்களைத் தட்டினான். சுவரோரம் இருந்த பிரின்டர் கண் விழித்தது. ஒரு தாள் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை. ஊழியர்களின் விடுப்பு விதிமுறைகள், நூற்றிருபது பக்கம்.

சசிதர் பிரின்டரின் பிளக்கைப் பிடுங்க ஓடினான். தவறான பிளக்கைப் பிடுங்கினான். ஏசி நின்றது. தாள்கள் நிற்கவில்லை.

"இதான் வேலைங்களா?" என்றார் பாலுசாமி.

"இதானுங்க மாமா."

"முழுக்க இதேதானுங்களா? வேற ஒண்ணும்..."

"ஏழு வருசமா இதே சீட்டுத்தானுங்க."

பாலுசாமி ஒரு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. நாற்காலியும் மேஜையும் சின்னதாக இருக்கிறதே என்று மாமனார் வருத்தப்படுகிறார் என மிதுன் நினைத்தான். பதவியைப் பெரிதாக்கினான்.

"அடுத்த மாசம் மேனேஜர் ஆகறனுங்க மாமா. அப்புறம் சனி, ஞாயிறுகூட லீவு கெடையாதுங்க."

"சனி, ஞாயிறுமா?" பாலுசாமியின் குரல் கம்மியது. "ஒரு பாட்டுக் கச்சேரி, அது இதுன்னு போறதுக்குக்கூட நேரமிருக்காதுங்களா?"

கிழவருக்கு மோப்பம் பிடித்துவிட்டதோ? இனி ஒரு பொட்டுச் சந்தேகமும் மிச்சம் இருக்கக் கூடாது.

"பாட்டுன்னாலே எனக்கு ஆகாதுங்க மாமா. அதெல்லாம் வேல வெட்டி இல்லாதவங்க பண்றது. எங்க ஊட்டுல ரேடியோகூட வெக்கறதில்லீங்க."

பாலுசாமி எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்தவர் கறிக்குழம்பு ஊற்றிய சோற்றை இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டார். திங்கட்கிழமை வரை இருப்பதாக வந்தவர், இப்போதே ஊருக்குப் போவதாகச் சொன்னார். செக்கப்புக்குத் திரும்ப வந்துகொள்வாராம்.

"எங்கப்பன என்னுங்க பண்ணுனீங்க?" என்று சமையலறைக்குள் இழுத்துக் கேட்டாள் பிரவீனா.

"ஒண்ணுமே பண்ணல அம்மணி. எல்லாம் நம்ம பிளான்படிதான் நடந்துச்சு."

"ஆபீசப் பாத்த மனுசனா இவரு? எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தவராட்டம் இருக்காரு."

வாசலில் செருப்பு மாட்டும்போது பாலுசாமி திடீரென்று மிதுனின் இடது கையைப் பிடித்தார். விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பதினொரு வருடம் தடித்த கம்பிகளை அழுத்தி அழுத்தி அவை கல்போலக் காய்த்துப்போயிருந்தன.

"இது என்னுங்க மாப்ள, இப்படிக் காச்சுக் கெடக்குது?" அவர் குரலில் கடைசியாக ஏதோ ஒன்று மினுங்கியது.

மிதுன் பிரவீனாவைப் பார்த்தான். சொல்லிவிடு என்று அவள் கண்ணைக் காட்டினாள். உண்மை நாக்கின் நுனி வரை வந்தது. இருபத்துநான்கு மணி நேரம் பாடுபட்டதை வாசற்படியில் வைத்துக் கெடுப்பதா என்று நினைத்தான்.

"கீபோர்டுல தட்டித் தட்டி அப்படி ஆயிப்போச்சுங்க மாமா."

பாலுசாமி கையை விட்டார். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

மிதுன் கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்து, இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். தப்பித்தாயிற்று. கடிகாரத்தைப் பார்த்தான். கச்சேரிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பரணிலிருந்து கிடாரை இறக்க ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

அழைப்புமணி அடித்தது. வாசலில் டிரைவர் சுப்பண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஐயாவின் கண் சொட்டு மருந்தை மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். பிரவீனா மருந்தை எடுத்து வந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பிறகும் அவர் போகாமல் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க மாப்ள, சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க. ஐயா போன்ல ஒரு பாட்டு கோஷ்டி வீடியோ வெச்சிருக்காருங்க. அதுல இருட்டுக்குள்ள நின்னு நாலு கம்பி கித்தார் வாசிக்கறது என்ற மாப்ளதான், மகளே ஒரு நாளைக்கு வாயத் தொறந்து சொல்லுவா பாருன்னு மூணு வருசமா வெள்ளகோவில் பூராக் காட்டிட்டு இருந்தாருங்க. நேர்ல ஒருக்காக் கேட்டுப்போட்டு, அவரு மணிவிழாவுக்கு உங்க கோஷ்டியவே கூப்படறதுன்னுதான் கெளம்பி வந்தாரு. இப்ப அது வேற யாரோன்னு ஆயிப்போச்சல்லோ. கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்காம, கார்ல உக்காந்து அழுதுட்டு இருக்காருங்க."

சுப்பண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க நேர்மையானவரு, பொய் பேசமாட்டீங்கன்னு தெரியுமுங்க, ஆனாலும் ஐயா மனசுக்காவ, அந்தக் கித்தார்க்காரன் நீங்கதான்னு ஒரே ஒரு பொய்யச் சொல்லிப்போடுங்க."