மீனாட்சியம்மாளின் வலது கால்

"ஏம்மா, நீ வாயத் தெறக்காத! நான் பேசி முடிச்ச பொறவு பேசு!"

ஆறுமுகப்பெருமாள் போட்ட சத்தத்தில், மருங்கூர் தெருவில் மீன் விற்றுக்கொண்டு போனவர் வண்டியையே நிறுத்திவிட்டார். போனின் மறுமுனையில் இருந்தது பயண இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண். "சார், நான் சென்னையிலேர்ந்து சபிதா பேசறேன், மீனாட்சியம்மாள் அவங்க விஷயமா..." என்பதற்கு மேல் அவளால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

மனிதருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? மகள் தன்யாவைப் பார்க்க மஸ்கட் போன அவர் மனைவி மீனாட்சியம்மாள், முந்தின நாள் ஒரு கடையின் நகரும் படிக்கட்டில் விழுந்து வலது காலை முறித்துக்கொண்டாள். "கம்பெனி சரின்னு சொன்னாத்தான் ஆபரேஷனாம்ப்பா" என்று காலை ஆறு மணிக்கு மகள் அழுதுகொண்டே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். அதிலிருந்து கம்பெனி நம்பரைப் பதினோரு முறை கூப்பிட்டார். பதினோரு முறையும் காத்திருக்கச் சொல்லிப் புல்லாங்குழல் வாசித்துக் காட்டினார்கள். பத்து மணிக்கு அவர்களே கூப்பிட்டபோது, அவர் எரிமலைக்கும் ஒரு படி மேலே போயிருந்தார்.

அதோடு, முப்பது வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். ஒரு மனுவை என்னென்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பலாம் என்பது அவருக்கு அத்துப்படி. அதனால் பயமும் அதிகம்.

பக்கத்து வீட்டு பத்மகுமார் காதில் கிசுகிசுத்தான். "அண்ணாச்சி, இன்சூரன்ஸ் எடுக்கதுக்கு முன்னயே இருந்த பழைய சீக்குன்னு சொல்லி, பணம் தராம தள்ளிருவானுவ. நாம முந்திக்கிடணும்."

அவர் முந்திக்கொண்டார்.

"பழைய சீக்குன்னு எழுதிரலாம்னு பாக்கியளா? நடக்காது! அது இரும்புக் காலாக்கும்! வருஷா வருஷம் ஆடி மாசம் பதினாலு நாளு ஆசானை வச்சு உழிச்சல் பண்ணுன காலு!"

இந்தப் பக்கத்தில் உழிச்சல் என்பது வண்டிக்கு எண்ணெய் போடுவது மாதிரி. வர்ம ஆசான் மூலிகை எண்ணெய் காய்ச்சித் தேய்த்து நீவிவிடுவார். ஒரு நோவும் இல்லாதவர்களும் வருஷம் தவறாமல் செய்துகொள்வார்கள். சென்னைப் பெண்ணுக்கு இது எங்கே தெரியும்?

"வருஷா வருஷம் ட்ரீட்மென்ட்டா சார்? அதே கால்லயா?"

கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது.

"என்னத்த எழுதுக? அழி! முதல்ல அதை அழி!"

"அழிக்க முடியாது சார். நீங்க பேசறது பதிவாகுது."

"ஆசானையே பேசச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று பத்மகுமார் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். ஐந்து நிமிஷத்தில் சுயம்புராஜ் ஆசான், கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து இறங்கினார்.

"ஆசானே, காலு நல்ல காலுன்னு ஒத்த வார்த்த சொல்லும். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஆசானின் வைத்தியத்தைப் பற்றிச் சென்னையிலிருந்து யாரும் இதுவரை கேட்டதில்லை. போனை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தக் காலைப் பத்தி எங்கிட்ட கேளு மக்களே. தொண்ணூத்தெட்டுல பசு மிதிச்சு கணுக்காலு பெசகிச்சு. நாந்தான் கட்டுனேன். பொறவு குளத்துப் படியில விழுந்து எலும்பு கீறிச்சு. அதுவும் நாந்தான். இப்பமும் மழ பெஞ்சா லேசா நோவு எடுக்கும் பாத்துக்க. கம்பி கிம்பி வைக்க விடாத, பிளேன்ல ஏத்தி இங்க அனுப்பிரு."

தட்டும் சத்தம் நிற்கவே இல்லை.

ஆறுமுகப்பெருமாள் போனைப் பிடுங்கினார். "ஏம்மா, இவரு சொன்னத எழுதாத! இவரு ஆரு எவருன்னே எனக்குத் தெரியாது! தெருவுல போனவரு!"

"வேய்!" ஆசானுக்கும் ஏறிவிட்டது. "இருவத்தஞ்சு வருஷமா உமக்க வீட்டு அடுப்புல எண்ணெ காச்சுகேன், என்னைத் தெரியாதா வேய் உமக்கு?"

"சார், அவர் சொல்றதும் பதிவாகுது" என்றாள் சபிதா பரிதாபமாக. "நான் ஒரே ஒரு விஷயம்..."

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம்! உங்க சட்டம் பூரா எனக்குத் தெரியும்!"

நடுவில் காதோரம் போன் நாலைந்து முறை டொய்ங் டொய்ங் என்றது. மகளாக இருக்கும். கம்பெனிக்காரியை விட்டால் மறுபடி புல்லாங்குழல்தான் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. படியில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபம் இன்னும் இருந்தது, குரல்தான் இல்லை.

"நாப்பது வருஷமா என்னைக் கட்டி மேய்ச்சவ. ஊரு பேரு தெரியாத எடத்துல காலை நீட்டிக் கெடக்கா. ஒத்தக் கையெழுத்து, அதப் போடுகதுக்கு உங்களுக்கு என்னம்மா கேடு? எப்பம்மா போடுவிய?"

ஆசான் தலையைக் குனிந்துகொண்டார். பத்மகுமார் மூக்கை உறிஞ்சினான். நாற்பது நிமிஷத்தில் முதல்முறையாக அவர் பேச்சை நிறுத்தியதும், சபிதா மெதுவாகச் சொன்னாள்.

"காலையில எட்டு மணிக்கே போட்டாச்சு சார், எங்க சேவை உங்களுக்குத் திருப்தியான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன், நீங்களும் ஆசானும் சொன்னதைக் கேட்டுட்டு எங்க மேலதிகாரிங்க இப்போதான் அதை நிறுத்தி வச்சாங்க."