நெல்லியாளத்து மாடி வீடு

எனக்கு ஃபைல் என்றால் ஒரு பலவீனம். சிலருக்குச் சட்டைப்பையில் பேனா இருந்தால் தைரியம் வரும். எனக்குக் கக்கத்தில் ஃபைல் இருந்தால்தான் நடையே வரும். காய்கறி வாங்கப் போகும்போதுகூட ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் பிடிபட்டிருக்கிறேன். இந்தப் பலவீனத்தால் ஒரு பெண்ணின் படிப்பு ஒரு மத்தியானம் முழுக்க அந்தரத்தில் தொங்கியது.

ஊட்டியில் நான் வரலாறு நடத்தும் கல்லூரியில் 'மாணவர் துணை மையம்' என்று ஓர் அறை உண்டு. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கும் வசதியில்லாதவர்களுக்கும் பல்கலைக்கழகம் தரும் இலவச விடுதி, மாலை நேர ஆங்கில வகுப்பு, மனசு சரியில்லாவிட்டால் உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி எல்லாம் அந்த அறை வழியாகத்தான் கிடைக்கும். நான்கு வருடங்களுக்கு முன் அதற்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். (கூட்டத்தில் யாரும் கையைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. தலையைச் சொறிந்தேன்.)

அந்த வருடம் முதலாமாண்டில் சேர்ந்தவள் சுகந்தி. சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், வேலைக்காரர்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் லயன் வீடு, அம்மா செல்வமணி கொழுந்து பறிக்கிறவர். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை, கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷில் ஓடுவதைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கவும் இடமில்லை. தூரத்துச் சொந்தக்காரர் வீட்டு வராந்தாவில் ஒரு மாதம் ஓட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது தோழியிடம், "ஹாஸ்டல் கெடைக்கலன்னா திங்கக்கிழமை திருப்பூர் பனியன் கம்பெனி வேன்ல ஏறிருவேன்" என்று சொல்லியிருந்தாள்.

விடுதிக்கான பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. வியாழக்கிழமை சாயங்காலம் என் மேசை டிராயரைத் திறந்தால், அவளுடைய படிவம் மூன்று வாரமாக அங்கேயே படுத்திருக்கிறது. அதன்மேல் ஒரு கருத்தரங்க அழைப்பிதழ். 'மாணவரின் வாசலுக்கே செல்வோம்.' சிறப்புரை, அடியேன்.

விதி என்னவென்றால், பொறுப்பாளர் நேரில் போய் வீட்டைப் பார்த்து எழுத வேண்டும், பெற்றோரில் சம்பாதிப்பவர் கையெழுத்திட வேண்டும். அவள் போன் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் கல்லூரியின் வெள்ளை ஜீப்பில் கிளம்பினேன். கூடலூர் தாண்டியதும் ஒரு மரலாரி முன்னால் மாட்டிக்கொண்டது. நான் வாட்சைப் பார்ப்பதும் இல்லாத பிரேக்கை மிதிப்பதுமாக இருந்தேன். "சார், நீங்க மிதிக்கிற மிதியில ஜீப் அடியில ஓட்டை விழுந்திரும்" என்றார் டிரைவர் ஜோசப்.

பன்னிரண்டரைக்கு எஸ்டேட். சிவப்பு நாடா கட்டிய ஃபைலோடு இறங்கினேன். (உயரம் இரண்டு அங்குலம் கூடியிருந்தேன்.) வரிசையாக இருந்த கதவுகளில் நான்கு உடனே சாத்திக்கொண்டன. மழைக்குளிர் என்று நினைத்தேன். ஒரே ஒரு அம்மா மட்டும் வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். தெய்வானை என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, செல்வமணி வீடு எது?"

"எந்தச் செல்வமணிங்க?"

"எத்தனை செல்வமணி இருக்காங்க?"

"அதத்தானுங்க நானும் கேக்குறேன்."

நான் ஃபைலைப் பிரித்தேன். அவர் கண் அதிலேயே நின்றது. "பக்கத்து ஊடுதானுங்க. மலைக்குப் போயிருக்கா."

"இந்த வீட்டுல எத்தனை வருஷமா இருக்காங்க? எத்தனை பேர்?"

"அவங்க காலி பண்ணப் போறாங்க சார். நெல்லியாளத்துல எடம் வாங்கி ஊடு கட்டிட்டு இருக்காங்க. முடிஞ்சதும் பால் காச்சிட்டுப் போயிருவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொந்த வீடா? ஓடா?"

"காங்கிரீட்டு." என் முகத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பலமாகக் கட்டினால் நல்லது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "மாடி வெச்சு."

சாத்திய கதவு ஒன்று திறந்து ஒரு குரல் வந்தது. "காருகூடச் சொல்லி வெச்சிருக்காங்க சார்."

என்ன அநியாயம் என்று கொதித்தேன். மாடி வீடும் காரும் இருக்கிற குடும்பம், ஏழைப் பிள்ளைகளுக்கான இடத்தைப் பிடிக்கப் பார்த்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பெருமிதம் வேறு. ஜீப்பின் பானட்டில் படிவத்தை வைத்து, சொந்த வீடு: உண்டு, கான்கிரீட், மாடியுடன், கார்: விரைவில், என்று மையால் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'உதவிக்குத் தகுதியற்றவர்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கையோடு கொண்டுபோயிருந்த முத்திரையையும் குத்தினேன். (வகுப்பில் வருடத்துக்கு மூன்று நாள், ஆதாரத்தை நேரில் பார்க்காமல் வரலாறு எழுதியவர்களைக் கிழிப்பவன் நான்.)

முத்திரை காய்வதற்குள், குடத்தோடு வந்து நின்றாள் சுகந்தி. "சார்? ஏன் வெளிய நிக்கறீங்க? உள்ள வாங்க சார்."

உள்ளே போனேன். ஒரே அறை. கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். உட்கார்ந்ததும் என் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அது மாடியிலிருந்து வந்திருக்க முடியாது.

வாசலில் தெய்வானை அம்மாள் தலையில் கைவைத்து நின்றார். "காலேஜ் சாரா நீங்க? ஜீப்பையும் ஃபைலையும் பாத்து எஸ்டேட் ஆபீஸ்னு நெனச்சுட்டமுங்க. ஊடு இவங்கப்பா பேர்லதான். அவரு ரிட்டையர் ஆனதுலருந்து காலி பண்ணுன்னு ரெண்டு வாட்டி ஆள் வந்தாச்சு. இன்னும் ரெண்டு மாசம் டைம் கெடைக்கட்டும்னுதான் நானே ஒரு ஊடு கட்டிக் குடுத்தேன்."

"மாடி எதுக்கும்மா?"

"அதுக்கு நேரம் ஆகுமில்லீங்க."

சுகந்தி படிவத்தை எடுத்துப் படித்தாள். கடைசி வரியில் அவள் விரல் நின்றது. அழுதிருந்தாலாவது தேவலை. "அப்ப திங்கக்கிழமை போறது போறதுதான் சார்" என்று மடித்துக் கொடுத்தாள்.

வேறு படிவம் கிடையாது. இதையே திருத்தி அவள் அம்மாவிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். அவள் முன்னே நடக்க, தேயிலைச் செடிகளுக்கு நடுவே சரிவில் ஏறினேன். ஒரு மலையிலிருந்து கொழுந்து பறிக்கும் கூட்டம் அடுத்த மலைக்கு மாறியிருந்தது. அங்கே போனால் அதற்கடுத்ததற்கு. இரண்டு காலிலும் அட்டை. நாலேகாலுக்குக் கொழுந்து எடை போடும் இடத்தில் செல்வமணியைப் பிடித்தேன். தலையில் சாக்கு, முதுகில் கூடை, சுற்றிலும் பதினைந்து பெண்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, தப்பாக எழுதியதை எல்லாம் சரசரவென்று அடித்துத் திருத்தி நீட்டினேன்.

அவர் பேனாவைத் தொடவில்லை. "அடிச்சு எழுதுன பேப்பர்ல கையெழுத்துப் போடமாட்டனுங்க. ஆஜர் போடுற செக்ரோல்ல எம்பேர அடிச்சா அன்னிக்கு நான் வேலைக்கே வரலைன்னு ஆயிரும். யாரு அடிச்சாங்களோ அவங்கதான் ஏன் அடிச்சேன்னு எழுதிப் பேர் போடணும். எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டணும். இங்க அதுதானுங்க வழக்கம்."

"அம்மா, மணி நாலரை."

"அப்ப வெரசா எழுதுங்க."

எழுதினேன். ஒரு கொழுந்து மூட்டையின்மேல் ஏறி நின்று படித்தேன். "இந்த வீட்டை உள்ளே சென்று பார்க்காமல், வாசலில் நின்று கேட்டதை வைத்து எழுதினேன்..."

"சத்தமா சார். இங்க கேக்கல" என்றது ஒரு குரல்.

"காலேஜ்லயும் இப்படித்தான் நடத்துவீங்களா?" என்றது இன்னொன்று.

"ஆமாக்கா" என்றாள் சுகந்தி, மெதுவாக. "கடைசி பெஞ்சுக்குக் கேக்காது."

மறுபடி முதலிலிருந்து, கத்திப் படித்தேன். "தவறு முழுவதும் என்னுடையது. இந்த மாணவி எல்லா உதவிக்கும் தகுதியானவர்." செல்வமணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். மணி நாலு நாற்பத்தைந்து.

போட்டோ எடுத்து அனுப்பப் போனால் டவர் இல்லை. எடை போடும் இடத்துக்கே ஜீப்பைக் கொண்டுவந்த ஜோசப், என்னையும் சுகந்தியையும் ஏற்றிப்போய் ஒரு வளைவில் நிறுத்தி, "பானட் மேல ஏறுங்க சார்" என்றார். ஏறினேன். எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்த போன் எனக்குக் கேரளாவுக்கு நல்வரவு சொன்னது. கையை உயர்த்தி, ஒற்றைக்காலில் நின்றேன். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அந்தப் படம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே சுகந்தி சிரித்தாள். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

திங்கட்கிழமை திருப்பூர் வேன் அவள் இல்லாமல் போனது. என் வாக்குமூலத்தைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்களாம். அடுத்த வருடப் படிவத்தில் ஒரு புதிய கட்டம் இருந்தது: 'பொறுப்பாளர் வீட்டின் உள்ளே சென்றாரா? ஆம் / இல்லை.' வீட்டிலும் அது அமலில் இருக்கிறது. ரசத்தில் உப்பு குறைவு என்று நான் சொன்னால்கூட, "வாயில வெச்சுப் பாத்தீங்களா, இல்ல வாசல்ல நின்னு எழுதுறீங்களா?" என்கிறாள் மனைவி.

சுகந்தி பட்டம் வாங்கி இப்போது பி.எட். படிக்கிறாள். லீவில் வந்தால் துணை மையத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள், கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்து. வீடு பார்க்கப் போகும்போது அவளும் கூட வருவாள். ஜீப்பிலிருந்து இறங்குமுன் என் கக்கத்திலிருந்து ஃபைலை உருவி ஜோசப்பிடம் கொடுத்துவிடுவாள்.

லயன் வீட்டு விவகாரம் இன்னும் தீரவில்லை. இரண்டு மாசம், இரண்டு மாசம் என்று தவணையில் ஓடுகிறது. போன வாரம் போன் செய்தவள், வைக்கும்போது சொன்னாள்:

"சார், அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. எனக்கு வேலை கெடச்சதும் நெல்லியாளத்துல எடம் பாக்கணுமாம். ஓட்டு வீடே போதும்னு நான் சொல்றேன், கேக்க மாட்டேங்கறாங்க. சார் சீல் குத்திட்டாரு, மாடி வெச்சுத்தான் கட்டணுமாம்."